கந்தகனை ரசித்த இன்னொருவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தேன்; குடியிருந்ததும் அங்கேதான். ஞாயிறுதோறும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இப்ராஹிம் பாயின் சைக்கிள் கடையில் காமிக்ஸ் ரசிகர்கள் கூடுவோம். கந்தகன் என்ற வில்லனின் எந்தக் கதை உசத்தி, எந்தப் படம் உசத்தி என்பதே பேச்சு.

ஒரு ஞாயிறு புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். மெல்லிய குரல். விரித்திருந்த காமிக்ஸ் புத்தகத்தில் ஒரு படத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அதில் ஒரு பெண் கண்ணாடி முன் தலை வாருகிறாள். அவளுக்குப் பின்னால் திறந்த கதவில் கந்தகன் நிற்கிறான்.

"அம்புட்டுப் படத்துலயும் இதுதான் பெஸ்ட்டு" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க வீட்லயும் கண்ணாடி பின்வாசலுக்கு நேராத்தான இருக்கு?"

அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. அவர் எழுந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

"வீட்ல யாரு இருக்கா?" என்றார் பாய்.

"அவ மட்டுந்தான் பாய்."

"ஏறுங்க வண்டில."

கடையைக்கூடப் பூட்டாமல் கிளம்பினார்.

வீட்டில் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்கதவுத் தாழ்ப்பாளைப் பாய் தொட்டதும் அது கையோடு வந்தது. யாரோ ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு, அப்படியே செருகி வைத்திருந்தார்கள்.

"போன வாரம் மீட்டர் பாக்கணும்னு ஒருத்தர் வந்தாரு. நான் அடுப்படில இருந்தேன். செத்த நேரம் பின்பக்கம் நின்னுட்டுப் போனாரு" என்றாள்.

போலீசில் சொல்லிவிட்டு, பாய் எங்களைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். புது வீடு கிடைக்கும்வரை அங்கேதான் இருந்தோம். அந்த ஆள் பிறகு வரவேயில்லை.

கந்தகன் கதைகளை இன்றும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒன்றை ரசிக்கும்போது, எல்லோரும் ஒரே காரணத்துக்காகத்தான் ரசிக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடிவதில்லை.