கோட்டுப் பையில் அடங்குகிற புத்தகம்

எழுபதுகளின் நடுவில் நான் பயிற்சி டாக்டர். பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு அரசு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் போட்டிருந்தார்கள். குழந்தைக்கு மருந்தளவை ஞாபகத்திலிருந்து எழுதக் கூடாது, கோட்டுப் பையில் அடங்குகிற கைப்புத்தகம் ஒன்று வாங்கிக்கொள் என்று பெரிய டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

கிடைத்த முதல் ஓய்வு நாளில் கஞ்சிக்கோடு வழியாகக் கோயம்புத்தூர் பஸ் ஏறினேன். கடையில் அந்த அளவில் இரண்டே புத்தகங்கள். ஒன்று சீமைப் பதிப்பு: வழவழப்பான தாள், எல்லா மருந்துக்கும் கிலோவுக்கு இவ்வளவு என்ற கணக்கு. மற்றது மெட்ராஸில் அச்சடித்தது. தாள் மட்டம், அட்டை கோணல். ஆனால் எடை தெரியாவிட்டால் குழந்தையின் நீளத்தை அளந்து மதிப்பிட ஓர் அட்டவணை வைத்திருந்தார்கள். தராசு இல்லாத ஆஸ்பத்திரியா என்று சிரித்தேன்.

எது நல்லது என்று பார்த்துவிடும் ஆசை விடவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தேன். வலிப்பு, இழுப்பு, வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொன்றுக்கும் எதில் சீக்கிரம் பக்கம் கிடைக்கிறது என்று நேரம் பார்த்தேன். கடைக்காரர் பொறுமையிழந்தார்.

"ஏனுங்கம்மா, கலியாணப் பொடவைகூட இத்தன நேரம் பாக்க மாட்டாங்க!"

"பொடவை தப்பாப் போனா மாத்திக் கட்டிக்கலாமுங்க," என்றேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கடைசியில் சீமைப் புத்தகம்தான் ஜெயித்தது.

அந்த வாரமே மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு பெண் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முந்தின நாளிலிருந்து வயிற்றால் போகிறது. கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, அழுதால் கண்ணீர் இல்லை. உடனே சலைன் ஏற்ற வேண்டும். எவ்வளவு? கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. பக்கம் ஒரு நொடியில் கிடைத்தது. எடையால் பெருக்கு என்றது.

தராசைப் பார்த்ததும் தாய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"அதுல மட்டும் வெக்காதீங்க. எடை போட்ட புள்ள எளைச்சுப் போயிருமுங்க!"

"உனக்குப் புள்ள வேணுமா வேண்டாமா?" என்று கத்தினேன்.

அவள் வாசலைப் பார்த்தாள். இன்னொரு சொல் சொல்லியிருந்தால் போயே போயிருப்பாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் பிறந்ததும் அந்தப் பக்கத்து எருத்தேன்பதியில்தான். என் அம்மா எங்களில் ஒருவரையும் தராசுப் பக்கம் விட்டதில்லை. கடிகாரம் வைத்துப் புத்தகம் சோதித்த மகராசிக்கு இது ஞாபகம் வரவில்லை, பாருங்கள்!

மூலையில் பெரியவர்கள் ஏறி நிற்கிற எடை மெஷின் இருந்தது.

"புள்ளைய எடை போடலீங்க," என்றேன். "நான் என் எடையத்தான் பாத்துக்கறேன். புள்ள சும்மா என் இடுப்புல இருக்கட்டும்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"எளைச்சா எனக்கு நல்லதுதானுங்க."

தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். குழந்தையோடு ஒரு தரம் நின்றேன், தனியாக ஒரு தரம். கழித்தேன், பெருக்கினேன். சலைன் இறங்கியது.

அதன்பிறகு கட்டிலை விட்டு நகரவில்லை. சிறுநீர் பிரிந்தால்தான் பிழைத்ததாக அர்த்தம். மத்தியானம் போயிற்று, ஒன்றும் இல்லை. பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு மணி சுமாருக்குக் குழந்தை சிணுங்கியது. ஊசி கழலாமல் மடியில் எடுத்து வைத்தேன். சூடாக ஏதோ கோட்டை நனைத்துப் பைக்குள் இறங்கியது.

"ஐயோ, பொஸ்தகமெல்லாம் நனைஞ்சு போச்சுங்களே!" என்று தாய் பதறினாள்.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

"இன்னும் நல்லாப் போகட்டுமுங்க!" என்றேன்.