வேப்பிலை செருகிய வாசல்

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், புனே கசார்வாடியில் ஒரு பட்டறையில் அத்தான் வெல்டராக இருந்தார். நுரையீரலில் காசநோய் என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். இரண்டாம் மாதம் உடம்பெங்கும் சிவப்பாகத் தடித்துக் காய்ச்சலும் வந்தது. "ஆத்தா வந்திருக்கா" என்று அக்கா வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மை கண்ட வீட்டில் மருந்து கூடாது என்று மாத்திரையையும் நிறுத்தினாள். தடிப்பு அடங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். இருமலும் குறைந்திருந்ததால் மாத்திரையை இருவரும் மறந்தே போனார்கள்.

சில மாதங்களில் இருமலோடு ரத்தம் வந்தது. அப்போது புனேயிலேயே வேலையிலிருந்த நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் இந்தியில் சொன்னார்: "அது அம்மை இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் வந்த தடிப்பு. அன்றே வந்திருந்தால் மாற்றிக் கொடுத்திருப்போம். பாதியில் நிறுத்தியதால் இப்போது நோய் எந்த மருந்துக்கும் கேட்காது."

அக்காவுக்கு இந்தி தெரியாது. "என்னடா சொல்றாரு?" என்று என் சட்டையைப் பிடித்தாள்.

அத்தானுக்குப் புரிந்துவிட்டது. படுத்தபடியே என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"வேற மருந்து தராங்களாம்க்கா" என்றேன்.

"அன்னிக்குக் காப்பாத்துன ஆத்தா இப்ப கைவிட்ருவாளா?" என்று அவர் நெற்றியில் திருநீறு பூசினாள்.

மழைக்காலம் வரைகூட அவர் தாங்கவில்லை.

அக்கா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். போன வாரம் என் மகளுக்கு உடம்பில் தடிப்பு. அக்கா வேப்பிலை பறிக்கக் கிளம்பினாள். நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். "ஆத்தா கோவிச்சுக்குவாடா" என்று அழுதாள். அப்போதும் அவளிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.