வாளில் இருந்த சோற்றுத் தட்டு

கோயில் தலைவரே, என் சித்தப்பாவைக் குப்பையில் போட்டது நீங்கள்தான்.

உங்களுக்கு அது உள்ளங்கை அகலத் தகரம். எங்கள் எஸ்டேட் முனியாண்டி கோயிலில், அரிவாள்களுக்கு நடுவே நின்ற ஜப்பான் வாளில், பிடித்த கை அலகின் மேல் வழுக்கிவிடாமல் தடுக்கும் வட்டத் தகடு. விளிம்பில் ஓர் ஆணி ஓட்டை. அந்தத் தகரம் முன்பு சித்தப்பாவின் சோற்றுத் தட்டு; சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் சயாமுக்குப் போட்ட ரயில்பாதை வேலையில், அந்த ஓட்டையில் கயிறு கோத்துத்தான் அதை இடுப்பில் கட்டியிருந்தார். தட்டு இல்லாதவனுக்கு அங்கே கஞ்சி இல்லை.

அப்பாவையும் அவரையும் ஜப்பான்காரன் ஒரே லோரியில் ஏற்றிப் போனான். வாந்திபேதியில் சித்தப்பா போய்ச் சேர்ந்தார். பிணங்களைக் குவித்து எரித்ததில் யார் சாம்பல் எது என்றே தெரியவில்லை. அப்பாவுக்கு மிஞ்சியது தட்டு. சண்டை முடிந்ததும், ஜப்பான்காரர்கள் போட்டுவிட்டுப் போன வாள் ஒன்றைச் சாக்கில் சுற்றி எங்கள் தேயிலை மலைக்குக் கொண்டுவந்தார். ஏன் எடுத்தார் என்று சொன்னதில்லை. அதன் பித்தளைத் தகட்டை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்த அப்பா, ஓட்டை போகாமல் தட்டை வெட்டி, அந்த இடத்தில் மாட்டிக் கோயிலில் வைத்தார். திருவிழாவில் எல்லாரும் சாமியைக் கும்பிடும்போது, அவர் மட்டும் அந்தத் தகட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு நிற்பார். எட்டு வயதில் நான் கேட்டேன். "ஒன் சித்தப்பன் சோத்துத் தட்டு புள்ள. அவனுக்கு வேற எடம் ஏது?" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

போன மாதம் நான் கண் ஆபரேஷனுக்கு ஈப்போவில் இருந்தேன். பக்கத்து ஊர் பிரிஞ்சாங்குக்கு வந்த பழம்பொருள் வியாபாரியை நீங்கள் கோயிலுக்கு அழைத்துவந்தீர்கள். இப்படி ஒரு தகட்டை எந்த வாளிலும் பார்த்ததில்லை, இந்த ஓட்டை எதற்கு என்று அவர் கேட்டாராம். எனக்கு ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பேன். போடவில்லை. பித்தளைத் தகடு வாங்கி மாட்டிவிட்டீர்கள்.

திரும்பி வந்து கேட்டபோது சிரித்தீர்கள். "அது ஒரிஜினல் இல்ல லா, அக்கா. துருப் புடிச்ச தகரம். இப்பப் பாருங்க, எப்படி மின்னுது!"

"தகரம் எங்கடா?"

"குப்பை லோரி எடுத்துட்டுப் போயிருக்கும் லா."

கண்ணில் கட்டோடு கோயிலுக்குப் பின்னால் கிளறினேன். வாடிய மாலையும் பிளாஸ்டிக்கும்தான் கிடைத்தன.

இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லி வைக்காதது என் தப்பு. எல்லாரும் படிக்க இந்தக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். உங்கள் தப்பை ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டத்தில், மைக்கைப் பிடித்து நீங்கள் சொல்லுங்கள். மின்னுகிற வாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆணி ஓட்டை போட்ட அந்தத் தகரத்தை யார் கழற்றியது? எந்தக் குப்பையில் போட்டீர்கள்?