அப்பாவின் அடையாளம்

குளச்சலை விட்டு எங்கள் ஊரான முட்டத்துக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். காலையில் அம்மாவின் தலையில் இருந்த கருவாட்டுப் பெட்டி இப்போது இல்லை. அது அப்பாவுக்கென்று கொண்டுபோனது. அப்பாவும் கிடைக்கவில்லை, பெட்டியும் போயிற்று. ஆனாலும் அம்மா வந்ததைவிட வேகமாக நடந்தாள்.

அப்பா கப்பலேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடிதம் இல்லை. அவர் கிடைத்தால் நான் பள்ளிக்கூடம் போகலாம், இல்லையென்றால் கடல் வேலைதான் என்று வீட்டில் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் மணல் ஏற்ற ஒரு ஸ்பானியக் கப்பல் குளச்சலில் நிற்பதாகக் கேள்விப்பட்டோம். அப்பா ஏறியதும் அந்த நாட்டுக் கப்பல்தான்.

எங்கள் ஊரில் தங்கியிருந்த ஸ்பானியச் சாமியார் மூன்று நாளில் எனக்குச் சில சொற்கள் கற்றுத் தந்தார். ஆல்த்தோ என்றால் உயரம். ஃப்ளாக்கோ ஒல்லி. மொரேனோ கறுப்பு. புவேனோ நல்லவன், மாலோ கெட்டவன். கப்பலில் எவனும் சொந்தப் பெயரில் இருப்பதில்லை, ஆளின் அடையாளம் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றார். அம்மா புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். இந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று காலை குளச்சலில், தண்ணீர் பிடிக்கக் கரைக்கு வந்த அந்தக் கப்பல் மாலுமி ஒருவனிடம் பாடத்தை ஒப்பித்தேன். "ஆல்த்தோ, ஃப்ளாக்கோ, மொரேனோ."

அவன் சிரித்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டி, அதே மூன்று சொற்களை என்னிடமே திருப்பிச் சொன்னான். எல்லோரும் உயரம், ஒல்லி, கறுப்பு. பிறகு, "புவேனோ? மாலோ?" என்றான்.

"என்னல கேக்கான்?" என்றாள் அம்மா.

"அப்பா நல்லவியளா, கெட்டவியளான்னு கேக்கான்."

எனக்குப் பதில் தெரியும். ஒரு நாள் குடித்துவிட்டு அப்பா எறிந்த சட்டி அம்மாவின் புருவத்தில் விட்ட தழும்பு என் எதிரே இருந்தது. அம்மா சேலைத் தலைப்பை அதன்மேல் இழுத்துவிட்டாள். "நல்லவியன்னு சொல்லு மக்கா."

"புவேனோ" என்றேன்.

மாலுமி மறுத்துத் தலையாட்டினான். எங்கள் கரையைக் காட்டினான், தன் கப்பலைக் காட்டினான், "மணிலா, மணிலா" என்று கடலுக்கு அப்பால் கை நீட்டினான். கட்டைவிரலை வாயில் கவிழ்த்துக் குடித்துக் காட்டி, முஷ்டியை ஓங்கி, "மாலோ" என்றான்.

"நம்ம கரைக்காரன் ஒருத்தன் மணிலாவில எறங்கிட்டானாம். கெட்டவனாம், அம்மா."

"அப்போ அது உனக்க அப்பன் இல்ல," என்றாள் அம்மா. பெட்டியை இறக்கி அந்த மாலுமியிடமே கொடுத்தாள். "தின்னச் சொல்லு. நட."

திரும்பும் வழியில், மண்டைக்காடு தாண்டியதும் சொன்னாள். "அவன் சொன்னத சாமியார்ட்ட சொல்லப்பிடாது, கேட்டியா?"

மறுநாள் விடிந்ததும் என்னைக் கரைமடிக்காரரிடம் கூட்டிப் போனாள். கரையில் நின்று வலைக்கயிறு இழுக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உயரம் உண்டு, ஒடம்புதான் இல்ல. பய எப்பிடி?"

"அப்பனப் போல," என்றாள் அம்மா. "நல்ல பய."

அதைச் சொல்லும்போது என் தோளை ஏன் அவ்வளவு இறுகப் பிடித்தாள் என்று தெரியாமல், உதறிக்கொண்டு கயிற்றைப் பிடிக்க ஓடினேன்.