சொல்தா வீட்டுக் கோலாட்டம்

முத்தியால்பேட்டை அங்கன்வாடி டீச்சர் தனக்கொடிக்கு ஊரில் ஒரே ஒரு கெட்ட பெயர்தான். தொண்டை. அவள் "கைய கட்டு" என்று ஒரு அதட்டல் போட்டால் தெருவில் சைக்கிளில் போகிறவன்கூட ஹேண்டில்பாரை விட்டுவிடுவான்.

2004ஆம் வருஷம் ஆவணியில் மகள் வினோதாவுக்குக் கல்யாணம். அது முடியும்வரை தொண்டையை அடக்கியே வைப்பதென்று தனக்கொடி தீர்மானம் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா தட்சிணாமூர்த்தி பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்கும் சொல்தா. உறவுக்காரர்களிலும் பாதிப் பேர் சொல்தாக்கள், பாரீசிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாக்காரி இப்படிக் கத்துகிறவள் என்று தெரிந்தால் நாளைக்கு அந்த வீட்டில் பெண்ணை யார் மதிப்பார்கள்?

விதி யாரை விட்டது. அரியாங்குப்பத்துத் தென்னந்தோப்பில் சாயங்கால வரவேற்பு. "எங்க ஆளுங்களுக்குக் கோலாட்டம் கத்துக் குடுங்க சம்மந்தி, ஆசைப்படறாங்க" என்று தட்சிணாமூர்த்தியே கேட்டுவிட்டார். இருபது பேர் குச்சியும் கையுமாக இரண்டு வட்டம் போட்டு நின்றார்கள்.

"உள் வட்டம் வலப்பக்கம் வாங்க, வெளி வட்டம் இடப்பக்கம் போங்க, எதிர வர்றவங்க குச்சியில ஒரு தட்டு தட்டுங்க" என்று தனக்கொடி தேன் ஒழுகச் சொன்னாள். யார் காதில் விழுந்தது? சொல்தாக்கள் பட்டாள வழக்கப்படி இடது காலை எடுத்துவைத்து, இரண்டு வட்டமும் ஒரே திசையில் விறைப்பாக நடந்தார்கள். எதிரே ஆள் வந்தால்தானே தட்டுவதற்கு? முன்னால் போகிறவர் முதுகில் தட்டினார்கள். ஒரு பாரீஸ் அத்தைக்கு விரல் முட்டியில் சரியான அடி. மேடையில் வினோதா தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், தயவு பண்ணி..." என்று மூன்று முறை கெஞ்சிப் பார்த்தாள் தனக்கொடி. நான்காவது சுற்றில் சம்பந்தியின் குச்சி அவள் கொண்டையைப் பெயர்த்துக்கொண்டு போனது.

"நில்லு. குச்சியக் கீழ வை. கைய கட்டு. வாயப் பொத்து."

ஐயோ, குடி கெட்டதே என்று தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து பார்த்தால் இருபது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தட்சிணாமூர்த்தி வாயையும் பொத்தியிருந்தார்.

முழுக்க நனைந்தபின் முக்காடு எதற்கு? ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். "சம்மந்தி, நீங்க வெளி வட்டம். கால மாத்தி வச்சீங்க, பந்தியில எல கெடையாது." பத்தே நிமிஷத்தில் இருபது ஜோடிக் குச்சியும் ஒரே சத்தமாகத் தட்டின.

ஆட்டம் முடிந்ததும் தட்சிணாமூர்த்தி வேர்த்து விறுவிறுத்து மேடையேறி, மருமகளிடம் குனிந்தார். தனக்கொடி மேடையோரம் ஒண்டி நின்று காதைத் தீட்டினாள்.

"பதினஞ்சு வருஷம் பட்டாளத்துல இருந்தேம்மா, இப்படி ஒரு அதிகாரிய நான் பாத்ததில்ல" என்றவர், தன் மனைவி தூரத்தில் இருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "அந்தத் தொண்டை ஒனக்கும் இருக்காம்மா? எங்க வூட்ல ஒங்க மாமியார எதுத்துப் பேச இதுவரைக்கும் ஒரு ஆள் இல்ல."