கரண்ட் ஓடினால் ஆள் இல்லையா?

டாக்குரியா பாலத்தில் ஏறியபோதுதான் பை கனத்தது. உள்ளே இரண்டு சட்டை, ஒரு போர்வை, வலிப்பு மாத்திரை. திரும்பிப் பார்க்கவில்லை. ஐ.டி. வேலைக்காக இந்த வங்காள நகரத்துக்கு வந்த தமிழ்ப் பையன்கள் சேர்ந்து தங்கியிருந்த வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தேன். அந்த வேலையைச் சற்றுமுன் விட்டுவிட்டேன்.

எனக்கு வலிப்பு வருவதற்குச் சற்று முன்னால் காளி வருவாள். உருவமில்லை. யாரோ பக்கத்தில் நிற்பது தெரியும். பல ஊரில் அடிபட்ட இந்த உடம்பு அந்த நேரத்தில் எதற்கும் பயப்படாது. ஒருநாள் அடுப்படியில் விழுந்தேன். அந்த வீட்டுத் தம்பிகள்தான் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், நல்ல பிள்ளைகள். மூளையில் ஓரிடத்தில் கரண்ட் தாறுமாறாக ஓடுகிறது, அவள் வருவதும் அதனால்தான் என்றார் டாக்டர். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். வலிப்பு நின்றது. அவளும் வரவில்லை.

"பார்த்தீங்களாண்ணே, மாத்திரைக்கே ஓடிப்போற சாமி!" என்று சிரித்தான் அவர்களில் மூத்த தம்பி.

அவனே புது பைக் வாங்கியபோது, சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னான்.

"இது மட்டும் எதுக்கு தம்பி?"

"அம்மா போன்ல சொன்னாங்கண்ணே. அவங்களுக்காக."

"போன்லயும் கரண்ட்தானே ஓடுது? அதனால உங்கம்மா இல்லைன்னு ஆயிடுமா?"

"நான் கூப்பிட்டா அம்மா எடுப்பாங்க. உங்க காளி எடுப்பாளா?"

"எடுத்தாள்னுதானே சொல்றேன்."

அவன் முகம் இறுகியது. "இப்படியே பேசினா ஒருநாள் மாத்திரையை நிறுத்திடுவீங்க. கேஸ் அடுப்பு எரியிற வீடு. காளியெல்லாம் இல்லைன்னு ஒத்துக்கங்க, இல்லாட்டி சமையல் வேணாம்."

அவன் பயம் நியாயம்தான். வியாதி இருக்கிறதென்று நானும் சொல்கிறேன். அவள் இல்லையென்று சொல்லத்தான் வாய் வராது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். டாக்டர் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். கரண்ட் எங்கே ஓடுகிறது என்று அவர் காட்டினார். அவள் வந்தபோது அங்கே இருந்தது நான்.

எலுமிச்சம்பழங்களைச் சக்கரத்தடியில் நானே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வழியில் காளிகாட் வந்தது. அவள் கோயிலுக்குள் போகவில்லை. என்னிடம் வர அவளுக்கு வழி தெரியும். கிடர்பூரில் ஒரு கிடங்கு வாசலில் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அங்கே மூட்டை தூக்க ஆள் எடுத்தார்கள். கூலியாட்களின் தலைவரான சர்தார் ஒரு வங்காளி. அவரிடம் வலிப்பைச் சொன்னேன், மாத்திரையைக் காட்டினேன், காளியையும் சொன்னேன்.

"காளி மா வந்தா வரட்டும், தாதா," என்று வங்காளத்தில் அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "நீங்க மூட்டையோட விழுந்தா யாரு பதில் சொல்றது?" மூலையில் கிடந்த கிழிந்த சாக்குகளைக் காட்டினார். "தரையில உட்கார்ந்து அதைத் தைங்க."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு கோணி ஊசியில் சணலைக் கோத்தேன்.