கூப்பிட்டால் ஓடி வரும் பெயர்கள்

என் அறைச் சன்னலோரம் ஒரு பலகை சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஒன்றரை அடி நீளம், ஒரு சாண் அகலம். மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து. மேலே சிறிதாக 'உபயம்' என்றும் கீழே பெரிதாக ஒரு பெயரும் இருக்கின்றன. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கல்யாண மண்டபங்களுக்குப் பெயர் எழுதும் கடையொன்றில் செய்வித்தேன். நாலு மூலையிலும் ஆணித்துளை போட்டுத்தான் தந்தார்கள். இரண்டு குளிர்காலம் போய்விட்டது, ஒரு ஆணியும் ஏறவில்லை. அறையைக் கூட்டும்போது அதைத் தூக்கி மற்றப் பக்கம் வைப்பேன். கூட்டி முடிந்ததும் பழைய இடத்தில் வைப்பேன். வேறு யாரும் வந்து பார்க்கிற அறை இல்லை இது.

அந்தப் பெயருக்கு உரியவரை நான் அண்ணை என்று மட்டும்தான் கூப்பிட்டேன். சொந்தம் இல்லை. பிறம்ரனில் ஒரு ட்றக் கம்பனி எங்கள் இருவரையும் ஒரே வண்டியில் போட்டது. ஒருவர் ஓட்ட மற்றவர் ஆசனத்துக்குப் பின்னால் உள்ள கட்டிலில் படுப்பார். வண்டி நிற்காமல் ஓடவேண்டும் என்பதற்காகக் கம்பனிகள் கண்டுபிடித்த முறை அது. ஆறு வருடம் ஒரே போர்வையை மாறி மாறிப் போர்த்தோம். ஆனால் எதிரெதிரே இருந்து சாப்பிட்ட நாட்கள் குறைவு. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் நித்திரை. அவருடைய குறட்டையை எனக்கு அவருடைய குரலைவிட நன்றாகத் தெரியும்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ஊர் ஊராகத் திரிந்தேன். ஐரோப்பாவில் ஒரு எல்லைக் காட்டில் நாய்களை விட்டுத்தான் எங்களைத் தேடிப் பிடித்தார்கள். இடது கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நாய் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். ஆகவே பின்னால் நடந்ததற்கெல்லாம் நான் சும்மா ஸ்ரியறிங் பிடித்தவன் என்றுதான் சொல்லவேண்டும்.

ஒரு தை மாதக் கடைசியில் எங்களை வடக்கே அனுப்பினார்கள். தார் வீதி முடியும் இடத்துக்கு ரொறன்ரோவில் இருந்து இரண்டு நாள். அதற்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு வருடத்தில் ஆறேழு கிழமைதான் வீதி உண்டு. ஏரிகளும் சதுப்பும் இறுகிய பிறகு பனியை அழுத்தி ஒரு பாதை போடுவார்கள். மரம், சீமெந்து, மாமூடை எல்லாம் அந்தக் கிழமைகளில் போய்விட வேண்டும். மிச்ச நாளெல்லாம் சிறிய விமானம்தான். நாங்கள் போனது ஆதிக்குடி மக்களின் ஒரு சின்ன ஊர். கடைக்குப் பின்னால் சாமான் இறக்கும்போது முப்பது நாற்பது நாய்கள் வந்து சூழ்ந்தன. நான் வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டேன். அண்ணை தன் பாணுக்குள் இருந்த சம்பலை வழித்துவிட்டுப் பாணைப் பிய்த்துப் போட்டார்.

அந்த நாய்களைப் பார்த்துக்கொண்டவர் பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. மிருக வைத்தியர் வருடத்தில் ஒருமுறை பறந்து வந்தால் உண்டு என்று அவர் சொன்னார். குட்டிகள் பெருகும், பசியில் கூட்டம் சேரும். ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டால் யாராவது துவக்கை எடுக்கத்தான் வேண்டும். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. சுடுகிறவர் தன் சொந்தத் தம்பிதான் என்றும், அன்றைக்கு முழுக்க அவர் சாப்பிடுவதில்லை என்றும் சொன்னார். ஒரு கொட்டிலும் பதினொரு கூடுகளும் இருந்தால், தெற்கே வளர்க்க ஆள் கிடைக்கும்வரை நாய்களை வைத்திருந்து விமானத்தில் ஏற்றிவிடலாம். அதுவரைக்கும் கட்டித்தான் வைக்கிறேன் என்றார்.

திரும்பும் வழியில் தார் வீதி வந்ததும் அண்ணை ரேடியோவை நிறுத்தினார். பிறகு, "கட்டிப்போட்டு விட்டுட்டு வந்தனான்," என்றார். யாரை என்று கேட்டேன். சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்ட அன்று அவர்கள் வீட்டு நாய் பின்னாலேயே ஓடி வந்ததாம். சனத்துக்குள் மிதிபட்டுவிடும் என்று திரும்பிக் கொண்டுபோய் மாமரத்தில் கட்டினாராம். "பின்னேரம் வந்திடுவம் எண்டுதான் எல்லாரும் சொன்னவை," என்றார். பின்னேரம் யாரும் திரும்பவில்லை என்பது எங்களுடைய ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 

அந்தக் கோடை முழுவதும் அவர் காசு சேர்க்கத் திரிந்தார். பிறந்தநாள் விழா, பூப்புனித நீராட்டு விழா, எது என்றாலும் சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். "வடக்கெண்டா கிளிநொச்சியோ அண்ணை?" என்பார்கள். "இல்லைத் தம்பி, இஞ்சத்தை வடக்கு," என்பார். "இஞ்சத்தை நாயளுக்கு இஞ்சத்தை அரசாங்கம் இல்லையோ?" என்று கேட்டுவிட்டு ரோல்ஸ் எடுக்கப் போய்விடுவார்கள். அவரோடு ஒன்றாகப் படித்த ஒருவர் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "ஊரிலை சனம் கிடக்க நாய்க்குப் பிச்சை எடுக்கிற முதல் தமிழன் நீர்தான் ஐசே. முதல்லை நீர் பேஸ்மென்ற்ரை விட்டு மேலை வாரும்." அண்ணையும் சேர்ந்து சிரித்தார். அவர் இருந்தது நிலக்கீழ் அறையொன்றில்தான். என் அறையும் அப்படித்தான். அன்றிலிருந்து அவருக்கு நாயண்ணை என்று பெயர் விழுந்தது.

உபயம் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது. எங்கள் ஆட்கள் கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் கொடுத்தாலும் அதில் பெயர் எழுதியிருக்கும், வெளிச்சத்தை மறைத்தாலும் பரவாயில்லை. அதிலும் செத்துப்போனவர்களின் பெயரில் என்றால் மறுக்கமாட்டார்கள். ஒரு கூட்டுக்கு ஒரு குடும்பம், கூட்டின் மேல் தாய் தகப்பன் பெயரில் ஒரு பலகை என்று அண்ணை சொல்லத் தொடங்கியதும் இரண்டு மாதத்தில் பதினொரு குடும்பம் சேர்ந்துவிட்டது. இந்தக் குளிருக்கு அடித்தளமும் சுவரும் கூடுகளும், அடுத்த தவணையில் கூரை என்று பேச்சு. நகரின் கிழக்கோரம் ரூஜ் பக்கம் பெரிய வீட்டில் இருந்த அவருடைய சொந்தத் தமையன்கூட அப்பாவின் பெயரில் ஒரு கூடு எடுத்தார். இருவரும் அதற்கு முன்னர் நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசுகிறவர்கள். அந்த மாரிக்கு முன் இரண்டு தரம் அண்ணையை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். வண்டியில் ஏறி, அண்ணி வைத்த கணவாய்க் கறியைப் பற்றி அரை மணித்தியாலம் சொன்னார் அண்ணை.

வீதி திறந்ததும் முதல் லோட்டைக் கொண்டுபோனோம். சுவர் ஏறியது. கூரைக்குப் பதிலாகத் தறப்பாளைக் கட்டி, கூடுகளை வரிசையாக வைத்து, மேலே பலகைகளை நாங்களே முடுக்கினோம். என்ன எழுதியிருக்கிறது என்று அந்த அம்மா கேட்டார். அண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்த அம்மா தன் எழுத்தில் கொப்பியில் குறித்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நன்றிக் கடிதம் எழுதத்தான் கேட்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். தெற்கே உள்ள நல்ல மனிதர்கள் நாய்களுக்குப் பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார்.

பத்து நாள் கழித்து அண்ணையின் கைபேசிக்கு ஒரு வீடியோ வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்த இடம், படம் திறக்கவில்லை. நாய்களின் படம்தானே என்று அவர் திறந்து பார்க்காமலே உபயகாரர்களின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை. வீடியோவில் அந்த அம்மா முழங்கால் பனியில் நின்று, "சின்னத்துரை!" என்று கூப்பிடுகிறார். ஒரு மண்ணிற நாய் காதை மடித்துக்கொண்டு ஓடி வருகிறது. "நாகம்மா!" என்கிறார். வெள்ளை நாயொன்று விழுந்தடித்து வருகிறது. இப்படிப் பதினொரு பேரும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு இறைச்சி கிடைத்தது.

அடுத்த தரிப்பிடத்துக்கு வருமுன் கைபேசி சூடேறிவிட்டது. தமையன் கத்தவில்லை. "அப்பாவை நாயாக்கிப் போட்டாய். உனக்கும் அவர்தானே அப்பா," என்றார். பிறகு, "பலகையைக் கழட்டு. இனி இஞ்சை வாசலுக்கு வராதை," என்று வைத்துவிட்டார். கூரைக்குத் தருவதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். வீதி மூட மூன்று கிழமைதான் இருந்தது. அதற்குள் கூரை போகாவிட்டால் இன்னொரு வருடம். அந்த ஒரு வருடத்துக்குள் தம்பிக்காரர் துவக்கை எடுக்கவேண்டி வரும். அண்ணை ஸ்ரியறிங்கில் இருந்தார். கட்டிலில் கிடந்த எனக்கு அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. 

நாலாம் நாள் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஒரு அன்ரி தொலைபேசியில் எடுத்தார். அந்த மாடிக் கட்டடங்களில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து வேறெங்கும் போகாதவர். புருசனின் பெயரில் ஒரு கூடு எடுத்திருந்தார்.

"தம்பி, உந்தக் கறுத்தது அவற்றை பேரிலை உள்ளதோ?"

"ஓம் அன்ரி. மன்னிச்சுக் கொள்ளுங்கோ. பலகையைக் கழட்டச் சொல்லிப்போட்டன்."

"ஏன் கழட்டுறியள்? நாப்பது வருசம் கூப்பிட்டனான், அந்த மனிசன் ஒருநாளும் ஒரு கூப்பிடுக்கு வந்ததில்லை. இது ஓடி வருது."  பிறகு, "குளிராதோ அவருக்கு? மேலை சீலை தானே கட்டிக் கிடக்குது," என்றார்.

அவர் அந்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டு மற்றக் குடும்பங்களின் கிழவிகளைத் தேடிப் போனார். பிள்ளைகளோடு அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் அண்ணைக்கு வந்த அழைப்புகள் வேறு மாதிரி இருந்தன. "எங்கடை அம்மா நொண்டுறா போலை கிடக்கு, காலிலை என்ன?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் மனம் மாறினார்கள் என்று சொல்லமாட்டேன். கூரைக்குக் காசு சேர்ந்தாலும் இரண்டு பலகைகளைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. ஒன்று அண்ணையின் தகப்பனுடையது.

கூரையைக் கொண்டுபோன அன்று பனிப் பாதையில் தண்ணீர் நின்றது. பனி உடைந்தால் வெளியே குதிக்கலாம் என்று பெல்ற்றைப் போடாமல், கதவைச் சாடையாகத் திறந்து வைத்துக்கொண்டு ஏரியைக் கடந்தோம். போய் இறங்கியதும் அண்ணை முதல் வேலையாக அந்தப் பலகையின் ஆணிகளைக் கழற்றினார். அந்த அம்மாவுக்கு விசயத்தை விளங்கப்படுத்தினோம். அவர் முகம் கறுத்து, பலமுறை மன்னிப்புக் கேட்டார். பிறகு, பலகையைக் கழற்றலாம், நாய்க்குத் தெரிந்துவிட்ட பெயரை எப்படிக் கழற்றுவது என்று கேட்டார்.  தகப்பனின் பெயர் விழுந்த அந்த நாயை அண்ணை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பக்கத்தில் போய் நிற்பார். அது அவருடைய காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நிற்கும்.

அடுத்த வருடம் மாரி தொடங்குமுன் அண்ணை செத்துப்போனார். கட்டிலில் படுத்திருந்தார், நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். குறட்டை நின்றதைக் கவனித்தேன், நித்திரை கலைந்துவிட்டது போல என்று நினைத்து எதையோ கதைத்துக்கொண்டே வந்தேன். எந்த இடத்தில் போனார் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தமையன் வந்து முறைப்படி கொள்ளி வைத்தார். என் கையைக் குலுக்கி, "நீர் வேலையிடத்து ஆளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அதன்பிறகுதான் இந்தப் பலகையைச் செய்வித்தேன். போன இரண்டு குளிருக்கும் அங்கே லோட் கொண்டுபோனேன், தனியாக. பின்கட்டிலில் இப்போது சாமான்தான் கிடக்கிறது. இரண்டு தரமும் பலகையை இங்கேயே விட்டுவிட்டுப் போனேன். அதைக் கொடுத்தால் அந்த அம்மா ஒரு நாய்க்கு அந்தப் பெயரைச் சொல்லுவார், நான் சாமான் இறக்கும்போது அது என் காதில் விழும் என்பதுதான் காரணம்.

இன்று பின்னேரம் அந்த அம்மா தொலைபேசியில் எடுத்தார். அண்ணையின் காலில் சாய்ந்து நின்ற நாய், யாரும் வளர்க்க எடுக்காமலே வயதாகிச் செத்துப்போய்விட்டதாம். அந்தக் கூட்டுக்கு இன்னொன்று வந்திருக்கிறது, யாரிடமும் நெருங்காது, கூப்பிடப் பெயரும் இல்லை என்றார். உன்னிடம் ஏதாவது பெயர் இருக்கிறதா என்று கேட்டார். நான் சன்னலடிக்குப் போய்ப் பலகையில் உள்ளதை வாசித்தேன். அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது புதிதாக இருந்தது. அவர் பிழையாகச் சொன்னார். திரும்ப வாசித்தேன். மூன்றாம் தரம் சரியாக வந்தது. கைபேசியோடு வெளியே போய் அவர் கூப்பிடுவது கேட்டது. பிறகு காற்று மட்டும் கேட்டது.

வரவில்லை, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது, நாளைக்கும் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தார். பலகையைத் துடைத்து, வேலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் கதவடியில் வைத்திருக்கிறேன். வீதி அடுத்த கிழமை திறக்கும் என்கிறார்கள்.